விளக்கைப் பிடித்திருந்த கை

உங்கள் கடைக்கு வந்து உட்கார்ந்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. போட்டோவில் ஒருவர் கண்ணை மூடியிருந்தால், இன்னொரு போட்டோவிலிருந்து அவருடைய கண்ணையே எடுத்து வைத்துவிடுகிறீர்கள். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. எங்கள் காலத்தில் அதே வேலைக்கு நாள்கணக்கில் ஆகும். கழுத்துவலி தனி.

போன வாரம் நான் இங்கே இருக்கும்போதே ஒருவர் வந்தார். மகளின் கல்யாணப் படத்தில், இறந்துபோன மனைவியைச் சேர்த்துத் தரவேண்டும் என்று கேட்டார். “நாளைக்கு வாங்க, முடிச்சு வைக்கிறோம்” என்று சொல்லி அனுப்பினீர்கள். வேலையை விட்டுப் போனவன் அடுத்தவர் கடையில் மூக்கை நுழைக்கக் கூடாது. ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் மனசு ஆறவில்லை. அதனால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழவன் புலம்புகிறான் என்று சிரித்தாலும் சரி, முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

ரங்கூனில், லத்தா வட்டாரத்தில் நான் வேலைபார்த்த ஸ்டுடியோ இப்போது இல்லை. அந்த இடத்தில் கைபேசி விற்கிறார்கள். அங்கே நாங்கள் மூன்று பேர். முதலாளியின் பெயர் வேண்டாம், தன் பெயரை யாராவது எழுதினாலே அவருக்குப் பிடிக்காது. படம் எடுப்பது, கழுவுவது, பெரிதாக்குவது எல்லாம் என் தலையில். படத்தைத் திருத்துகிற டச்சிங் வேலைக்கு மா த்வே என்ற பர்மியப் பெண். ஒரு சின்னக் கத்தி, நாலு பென்சில், முடி மாதிரி மெல்லிய ஒரு பிரஷ், இவ்வளவுதான் அவளுடைய ஆயுதம். அம்மைத் தழும்பையும் எடுப்பாள், ஆறு மாதக் காய்ச்சலையும் எடுப்பாள். வருகிறவர்கள் என்னைச் ‘சயா’ என்பார்கள். வாத்தியாரையும் வைத்தியரையும் கூப்பிடுகிற சொல் அது, போட்டோக்காரனுக்கும் கிடைத்தது.

எண்பத்தெட்டுக் கலவரத்துக்குப் பிறகு எங்களிடம் படத்தில் ஆள் சேர்க்கும் வேலை அதிகமாக வந்தது. பிரிந்துபோன குடும்பங்கள் நிறைய. க்யிம்யிண்டைங் சந்தையில் கருவாடு விற்ற ஒரு அம்மாள், தாய்லாந்துப் பக்கம் வேலைக்குப் போய்த் திரும்பாத மகனின் சின்ன அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்தார். மற்றப் பிள்ளைகளுக்கு நடுவே அவனை நிற்கவைக்க வேண்டும் என்றார். அந்தப் படத்தில் அவனுக்குத் தலை மட்டும்தான் இருந்தது. உடம்பை அவன் தம்பியிடமிருந்து கடன் வாங்கினோம். படத்தை வாங்கிய அந்த அம்மாள் மா த்வேயின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று கடையில் யாருக்கும் மதியச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

“ஜனங்க நிம்மதிக்குத்தான் இங்க வர்றாங்க. அதைக் குடுத்து அனுப்பு” என்பார் முதலாளி. எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. இன்றைக்கும் அந்தக் கருவாட்டுக்கார அம்மாளை நினைத்தால் சரி என்றுதான் படுகிறது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

க்யிம்யிண்டைங்கில் படகுத்துறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன அம்மன் கோயில் உண்டு. அதைச் சுற்றிக் கொஞ்சம் தமிழ்க் குடும்பங்கள். ஷான் மலைப்பக்கம் இருந்த ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரிலிருந்து இறங்கி வந்தவர்கள். அந்த ஊருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் இவர்கள் கரியூர் என்றுதான் சொல்வார்கள். சுரங்கம் ஓடிய காலத்தில் அங்கே ஐந்து நாளைக்கு ஒரு தடவை சந்தை கூடும். மலையிலிருந்து ஷான்காரர்கள் தேயிலையும் பூண்டும் கொண்டுவருவார்கள். நம் ஆட்கள் அரிசி, பருப்பு, துணி வைத்திருப்பார்கள். சந்தை நடுவிலேயே கரி வண்டிக்குத் தண்டவாளம். வண்டி வரும் சத்தம் கேட்டால் கூடைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள், போனதும் மறுபடி வெளியே தள்ளுவார்கள். வெள்ளைத் துணி விற்கிறவன் மட்டும் அந்த ஊரில் உருப்பட்டதில்லை என்று கேலி சொல்வார்கள். சுரங்கம் மூடியதும் பெரும்பாலோர் ரயில் ஏறி ரங்கூன் வந்துவிட்டார்கள்.

அந்தக் கோயிலுக்குத் தருமகர்த்தா சின்னையா, பர்மிய மரியாதைப்படி ஊ சின்னையா. நல்ல மனிதர். கொஞ்சம் படபடப்பு. ஒருநாள் துண்டில் சுற்றிய ஒரு படச்சட்டத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

“சயா, எங்க ஊருக்குன்னு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். சுரங்க ஆபீஸ்ல மாட்டியிருந்தது. மூடினப்ப எங்கப்பா எடுத்துட்டு வந்தாரு. கோயில் மண்டபத்துல பெருசாப் போடணும். நம்ம பிள்ளைங்களுக்கு ஊரே தெரியாமப் போகுது.”

படத்தில், சுரங்கத்தின் வாயருகே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். வேலை முடிந்து அப்போதுதான் மேலே வந்தவர்கள். உடம்பெல்லாம் கரி. கண்ணும் பல்லும்தான் வெள்ளை. கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, படம் அதோடு ஒட்டிப்போயிருந்தது, ஓரமெல்லாம் பூசணம். பிரித்தால் கிழியும். அதனால் கண்ணாடியோடு வைத்தே காப்பி எடுத்தேன். காப்பி கேமராவுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியில் உருவம் தலைகீழாகத்தான் விழும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, தலைகீழாக நின்ற அந்த மனிதர்களை ஒவ்வொருவராகப் பார்த்து ஃபோகஸ் வைத்தேன். இடமிருந்து மூன்றாவது ஆள் கையில் ஒரு சுரங்க விளக்கு இருந்தது. அந்த விளக்கின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்ததால் அதை வைத்துத்தான் ஃபோகஸைச் சரிபார்த்தேன்.

பெரிதாக்கிக் காட்டியதும் சின்னையாவின் முகம் விழுந்துவிட்டது.

“எல்லாரும் ஒரே கறுப்பா இருக்காங்களே சயா. யாரு யாரோட அப்பான்னு தெரியலையே. இதை மாட்டினா சனங்க என்னத்தைப் பாக்கும்?”

கரி எடுத்தவர்கள் கறுப்பாக இல்லாமல் வேறு எப்படி இருப்பார்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. போட்டோ என்றால் முகம் கழுவி, தலை சீவி, எண்ணெய் வைத்து நிற்பது என்று நம் ஜனங்களுக்கு ஒரு கணக்கு. எங்களுக்கும் அதே கணக்குதான். கடை வாசலிலேயே கண்ணாடியும் சீப்பும் பவுடர் டப்பாவும் வைத்திருந்தவர்கள் நாங்கள்.

அடுத்த சில நாட்களில் ஒவ்வொரு குடும்பமாக வந்தது. அப்பா படம், தாத்தா படம், கல்யாணப் படத்தில் ஓரமாக நின்ற சித்தப்பா படம். யார் எங்கே நின்றார்கள் என்று சின்னையா கூட இருந்து சொன்னார். சிலருக்கு நன்றாக நினைவிருந்தது. சிலருக்கு, “உயரமா இருப்பாரு, அப்ப இந்த ஆளாத்தான் இருக்கணும்.” மா த்வே முகங்களை வெட்டி, விளிம்பைத் தேய்த்து, ஒட்டி, மேலே வண்ணம் தொட்டுச் சேர்த்தாள். கடைசியில் மூன்று உடம்புகளுக்குத்தான் முகம் கொண்டுவர ஆள் இல்லை. அதில் ஒருவர் அந்த விளக்குக்காரர்.

“இவரு யாரு?” என்றேன்.

“அது வீரன். கூரை சரிஞ்சு உள்ளேயே செத்துப்போயிட்டான். பொண்டாட்டி அங்கேயே ஒரு ஷான்காரரைக் கட்டிக்கிட்டு இருந்துட்டா. இங்க அவனுக்குன்னு யாரும் இல்ல.” கொஞ்சம் தயங்கிவிட்டுத் தன் அப்பாவின் படத்தை நீட்டினார். தலைப்பாகை, கோட்டு. “அப்பா குழிக்குள்ள எறங்கினதில்லதான். ஆனா அந்த ஊருக்கே அரிசி போட்டவரு. அவரு இல்லாம என்ன கரியூரு படம்?”

எனக்கு அதில் தப்பாக ஒன்றும் படவில்லை. மா த்வேதான் அரிசிக்கடைக்காரர் முகம் அந்த உடம்பில் சரியாக உட்காரவில்லை என்று கன்னத்தில் கொஞ்சம் கரி பூசினாள். சின்னையாவுக்கு அது பிடிக்கவில்லை. அப்பா பளிச்சென்று இருப்பார் என்றார். துடைத்துவிட்டாள். மற்ற இரண்டு உடம்புகளுக்கும் இப்படியே யார் யாருடைய முகமோ ஏறியது.

படம் அருமையாக வந்தது. ஒரு முகத்திலும் அழுக்கில்லை. நல்ல படம் வந்துவிட்டதால், முதலில் எடுத்த காப்பியின் நெகடிவை மற்றக் கழிவுகளோடு, பழைய பிலிமிலிருந்து வெள்ளி எடுக்கிறவரிடம் போட்டுவிட்டோம். எல்லா ஸ்டுடியோவிலும் செய்வதுதான். சின்னையாவும் அவர் வழியில் செய்யவேண்டியதைச் செய்தார். கண்ணாடி உடைந்த படத்தை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, செத்தவர்கள் படம் என்பதால் குப்பையிலும் போடக் கூடாது. பூ, மஞ்சள் வைத்துக் கும்பிட்டுப் படகுத்துறையில் ஆற்றில் விட்டுவிட்டார். பக்தியாகத்தான் விட்டார். அதை என்னிடம் சொன்னபோதும் நல்ல காரியம் என்றுதான் நான் சொன்னேன்.

அடுத்த வருடத் திருவிழாவுக்குப் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். பூசை நேரம், மண்டபம் முழுக்கக் கூட்டம். வெளியே பந்தலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் பெஞ்சில் இரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் வயதானவர். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைக் குழம்பு பூசி, ஷான் பெண்களைப்போலத் தலையில் துண்டு சுற்றியிருந்தார். ஆனால் பேசியது அசல் தமிழ். பெயர் அஞ்சலை. கூட வந்தது மகள் லெட்சுமி. நாற்பதை ஒட்டிய வயது. தமிழ் புரியும், பேசும்போது பாதி பர்மிய மொழி கலந்துவிடும். டீக்கோப்பையைப் பிடித்தபோது அவள் சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் தனியே விலகி நின்றது. போட்டோக்காரனுக்குக் கைகளைப் பார்ப்பது பழக்கம். உட்காரவைத்தால் கையை எங்கே வைப்பது என்பதுதானே நமக்கு முதல் தலைவலி.

“ரயில்ல வந்தீங்களாக்கா?” என்றேன்.

“ரயில்லதான். இடுப்பு ஒடிஞ்சுபோச்சு.”

“ஊரு எப்படி இருக்கு?”

“சுரங்கம் காடாப் போச்சு. வாயில தண்ணி நிக்குது, எருமை குளிக்குது. சந்தை மட்டும் தப்பாமக் கூடுது. நான் இப்பவும் லப்பெட், அதான் ஊறவச்ச தேயிலை, விக்கிறேன். தண்டவாளத்தைப் பிடுங்கிட்டுப் போயி எவ்வளவோ காலமாச்சு தம்பி. இன்னிக்கும் அது போன இடத்துல யாரும் கூடை வைக்க மாட்டாங்க. புதுசா வந்து கடை போடறவன்கூட வளைஞ்சு ஒதுங்கித்தான் உக்காருறான். எதுக்குன்னு அவனுக்குத் தெரியாது.”

லெட்சுமி குறுக்கிட்டாள். “அம்மா, அஃபே படம்?” அப்பாவை அவள் பர்மியர்போல அஃபே என்றாள்.

“இருடி. கூட்டம் குறையட்டும்.” அஞ்சலை என் பக்கம் திரும்பினார். “இவ வயித்துல இருக்கும்போதே இவ அப்பா போயிட்டாரு. மூஞ்சியே பாத்ததில்ல. ஒரே ஒரு படம்தான் எடுத்தாங்க, அதுவும் ஆபீஸ்ல இருந்து இங்க வந்துருச்சு. எப்பவாவது ரங்கூன் கூட்டிட்டுப் போயி காட்டறேன்னு இவளுக்குச் சின்னப் பிள்ளையில சொன்னது. இன்னிக்குத்தான் வாய்ச்சது.”

“எங்க நிப்பாருக்கா?” என்றேன்.

“விளக்குப் பிடிச்சிட்டு நிப்பாரு.”

நான் எழுந்து சின்னையாவைத் தேடிப் போனேன். அந்த அம்மாளிடமே அங்கேயே சொல்லியிருக்கலாம். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று தோன்றியது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம், அதற்கு முன் சின்னையாவிடம் ஒரு வார்த்தை என்று போனேன். சின்னையா தேங்காய் மூடிகளுக்கு நடுவே நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

“அஞ்சலையா? அவ வருவான்னு யாரு கண்டா? சயா, ஏதாவது ஒரு மூஞ்சியைக் காட்டிரலாம்.”

“கொஞ்சம் பொறுங்க. நான் அவங்ககிட்டத் தனியாப் பேசறேன்.”

பொறுக்க நேரம் இருக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் இருவரும் படத்துக்கு முன்னால் நிற்கிறார்கள்.

அஞ்சலை மூன்றாவது ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு இருக்கிறது. விளக்குக்கு மேலே தலைப்பாகையோடு அரிசிக்கடைக்காரர் பளிச்சென்று பார்க்கிறார். லெட்சுமி, “யாரும்மா? எதும்மா?” என்று தோளை உலுக்கினாள். அதற்குள் சின்னையா ஓடிவந்துவிட்டார்.

“வா அஞ்சலை. இதோ, பின்வரிசையில நிக்கிறாரே, அவருதான் வீரன். படம் பெருசாக்கினப்ப எடம் கொஞ்சம் மாறிப்போச்சு. கேளு, சயாவே இங்க இருக்காரு.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பின்வரிசையில் அவர் காட்டிய முகம் யாருடையது என்று எனக்குத் தெரியும். துறைமுகத்தில் எடை எழுதிய ஒருவருடையது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் லெட்சுமி தரையில் மண்டியிட்டு, பர்மியர் பெரியவர்களை வணங்குவதுபோலக் கைகூப்பி நெற்றி தரையில் பட மூன்று தடவை கும்பிட்டுவிட்டாள். எழுந்தபோது முகம் முழுக்கக் கண்ணீர், சிரிப்பு. அஞ்சலை மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி இல்லை. பேசாதே என்பது மட்டும் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

“சயா, அஃபேயோட எங்க ரெண்டு பேரையும் சேத்து எடுங்க” என்றாள் லெட்சுமி.

எடுத்தேன். “அக்கா, இங்க பாருங்க” என்று இரண்டு முறை சொன்னேன். அஞ்சலை கேமராப் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டம் இடித்தது, அடுத்து யாரோ கூப்பிட்டார்கள். அப்படியே அமுக்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் அஞ்சலை தனியாக வந்தார். மகள் ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போயிருக்கிறாள் என்றார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

“பழசு எங்க தம்பி?”

ஆற்றில் விட்டதைச் சொன்னேன். நெகடிவ் போனதையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. மா த்வே தன் மேஜையிலிருந்து எழுந்து வந்து தலையைக் குனிந்து நின்றாள். அந்த அம்மாள் கத்தியிருந்தால் எங்களுக்கு நல்லதாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை.

“நீ பாத்தியாமே. படம் பிடிக்கும்போது கிட்ட வச்சுப் பாத்திருப்பியே. எப்படி இருந்தாரு?”

அந்த இடத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்வது எனக்குச் சுலபம். சிரித்தபடி இருந்தார், கம்பீரமாக இருந்தார், எது சொன்னாலும் நம்பியிருப்பார். முதலாளி சொன்ன நிம்மதி அதுதான். ஆனால் இந்த அம்மாளுக்கு இன்னொரு ஒட்டுமுகம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

“எனக்கு நினைவில்லக்கா. தலைகீழாத்தான் தெரிஞ்சாரு. விளக்கைத்தான் பாத்தேன்.”

தலையாட்டினார். “எனக்கும் மறந்துபோச்சு தம்பி. அந்தப் படத்தைப் பாத்தா வந்துரும்னு இருந்தேன்.”



பிறகு அஞ்சலையே சொன்னார். “மூஞ்சிதான் வேற. கையி அவரோடதுதான். நேத்தே பாத்தேன். சுண்டுவிரலு பாரு, விளக்கு வளையத்துல சேராம நிக்குது. அவருக்கு அது மடங்காது. இவளுக்கும் அதே விரலுதான். உங்கப்பா விரலுடின்னு சொல்லிச் சொல்லித்தான் வளத்தேன். எனக்கு அந்தக் கையை மட்டும் எடுத்துக் குடு.”

முகங்கள் ஒட்டி முடித்த படத்தைத் திரும்ப எடுத்த நெகடிவ் கடையில் இருந்தது; அதை மாட்டி, அந்தக் கை மட்டும் நிறைகிற அளவுக்குப் பெரிதாக்கினேன். அங்கே எங்கள் கத்தி பட்டதில்லை. கரி படிந்த விரல்கள், நகத்துக்குள் கறுப்பு, விலகி நிற்கும் சுண்டுவிரல், வளையம். புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. ஈரம் காய்ந்ததும் வழக்கம்போல மா த்வேயிடம் நீட்டினேன். வெள்ளைப் புள்ளிகளை மறைக்கப் பிரஷை எடுத்தவள், திரும்ப வைத்துவிட்டாள்.

வாங்கி மடியில் செருகிக்கொண்டு அஞ்சலை சொன்னார்: “அவகிட்டச் சொல்லாதே. அவ பாத்துட்டா. சந்தோஷமாப் போறா. இருக்கட்டும்.”

திருவிழாவில் எடுத்த படத்தை ரயில்காரர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினேன். அஞ்சலையை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

வருடங்கள் ஓடின. சின்னையா காலமானார். மா த்வே கண்பார்வை மங்கி வேலையை விட்டாள். கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது, நானும் கிளம்பும் நேரம் வந்தது. அந்தச் சமயத்தில் ஒரு நாள் லெட்சுமி வந்தாள். தலை நரைத்திருந்தது. அம்மா இறந்துவிட்டார் என்றாள். பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்று திருவிழாவில் நான் எடுத்தது. மற்றது அந்தக் கை.

“அம்மா பெட்டியில, சேலைக்கு அடியில இருந்துச்சு. பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு சயா. இந்தக் கைக்கு உள்ள முகம் எங்க?”

முகம் இல்லை என்று சொன்னேன். ஏன் இல்லை என்பதையும் முதலிலிருந்து சொன்னேன். நடுவில் நிறுத்தாமல் கேட்டாள். முடிந்ததும் திருவிழாப் படத்தை என் பக்கம் திருப்பினாள்.

“இதைப் பாருங்க. நான் கும்பிட்ட ஆளு பின்னால, இந்தப் பக்கம் நிக்கிறாரு. அம்மா பாக்கிறது எங்க? அந்தப் பக்கம், கீழ. இந்தப் படம் ஊருக்கு வந்த அன்னிக்கே ஏதோ சரியில்லன்னு தெரியும். கோயில்லயே அம்மா முகத்தைப் பாத்தேன், அப்பவே கொஞ்சம் தெரியும். இத்தனை தூரம் கூட்டிட்டு வந்தாங்களேன்னு கும்பிட்டேன். நான் நம்பிட்டேன்னு அம்மா நினைச்சாங்க. நினைச்சுக்கட்டும்னு நான் கேக்கவே இல்ல.”

மகளுக்காக அம்மா மறைத்திருக்கிறார், அம்மாவுக்காக மகள் மறைத்திருக்கிறாள். உண்மையான கை அவர்கள் வீட்டிலேயே பெட்டிக்குள் இருந்திருக்கிறது. இருவருக்கும் நிம்மதி கொடுத்து அனுப்பிவிட்டோம் என்று நான் இங்கே இருந்திருக்கிறேன்.

“அம்மாவையும் அப்பாவையும் சேத்துத் தரட்டுமா?” என்று கேட்டான் கம்ப்யூட்டரில் இருந்த புது ஆள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டான், உங்களைப்போல.

“வேண்டாம்” என்றாள் லெட்சுமி. “அம்மா முகத்தை இந்தப் படத்துலேருந்து இருக்கிறபடியே எடுத்துக் குடுங்க. எங்க பாக்கிறாங்களோ அங்கேயே பாக்கட்டும். கைக்குப் பக்கத்துல மாட்டிக்கிறேன்.”

அன்றே போட்டுக் கொடுத்தேன். நான் கடைசியாகச் செய்த நல்ல வேலை அதுதான் என்று நினைக்கிறேன். இறந்தவர்களைச் சேர்க்காதீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. அந்தக் கல்யாணப் படத்துக்காரருக்குச் செய்து கொடுங்கள், பாவம். வந்த படத்தை வந்தபடியே ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுப் பிறகு கையை வையுங்கள். ஆளில்லாதவன் என்று யாராவது ஒருவரைக் காட்டினால் மட்டும் இன்னொரு தடவை விசாரியுங்கள்.

கிளம்புவதற்கு முன்னால் லெட்சுமி அந்தக் கைப் படத்தை மேஜையில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். சுண்டுவிரல் அதேபோல விலகி நின்றது. பக்கத்தில் நின்று அதைப் பார்த்தவன் நான். பார்த்திருக்க வேண்டியவர் அஞ்சலை.